தாத்தாவோட மூணு சக்கர ஹோண்டா (ஏடிசி 110): எஞ்சின் இறுகிக் கெடக்கு, வழி சொல்லுங்கண்ணே

அலங்காநல்லூர்_பய:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ரெண்டு வருசமா இங்க சும்மா படிச்சுட்டு போயிக்கிட்டே இருந்தேன், இன்னைக்குத்தான் மொத தடவை எழுதுறேன்.

எங்க சின்னத் தாத்தா குவைத்துல வேலை பாத்தவரு. 80கள்ல ஊருக்குத் திரும்புறப்ப எல்லாரும் டேப்ரெக்கார்டர், கம்பளின்னு கொண்டு வந்தா இவரு ஒரு ஹோண்டா மூணு சக்கர வண்டியக் கப்பல்ல ஏத்தி விட்டுட்டாரு. ஆட்டோ இல்லண்ணே, முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டு, மூணும் பூசணிக்கா மாதிரி குண்டு டயரு, பைக் மாதிரி ஏறி உக்காந்து மணல்ல ஓட்டுறது. ஏடிசி 110. தாண்டிக்குடில அவருக்குக் காபித் தோட்டம் இருந்துச்சு, அங்க மிளகு மூட்டையப் பின்னாடி கட்டிக்கிட்டு ஏத்தம் எறக்கம் பாக்காம ஓட்டுவாரு, நான் டேங்க்கு மேல உக்காந்து போயிருக்கேன்.

தோட்டத்த வித்ததும் வண்டி எங்க வீட்டு மாட்டுக்கொட்டத்துக்கு வந்துச்சு, வந்தது வந்ததுதான், இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, மேல வைக்கப்போரு, கீழ கோழி. போன மாசம் இழுத்து வெளிய போட்டேன். ஸ்டார்ட் பண்ற கயிறு இழுத்தா அரை இன்ச்சு கூட வரல. பக்கத்துல ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன், அவரு சைடு கவர் ஸ்க்ரூவ ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வெச்சு அழுத்தி அழுத்தி மூணு ஸ்க்ரூ தலையக் கிண்ணமாக்கிட்டு, ஹெட்ட, அதான் சிலிண்டர் மேல உள்ள மூடிய, கழட்டி பிஸ்டன் மேல நாலு போடு போட்டா வந்துரும்னு சுத்தியலத் தேடுனாரு, நான் பயந்து போயி தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டேன்.

கேள்வி இதுதான். இறுகுன எஞ்சின உடைக்காம எப்படி விடுவிக்கிறது? பார்ட்ஸு நம்ம மதுரையில ஏதாவது தேறுமா? இல்ல அப்பா சொல்ற மாதிரி எடைக்குப் போட்டுட்டு சோலியப் பாக்கவா?

சிடி100_வெறியன்:

தம்பி நேரடியா சொல்றேன் கோவிச்சுக்காத. அந்த எஞ்சினோட மல்லுக்கட்டாத. ஒரு பழைய ஹீரோ ஹோண்டா சிடி100 எஞ்சின வாங்கு, ரெண்டு பிராக்கெட்டு வெல்டு அடி, தூக்கி மாட்டு, மறுநாள் தோட்டத்துல ஓட்டு. ரெண்டும் ஒரே வம்சம், படுத்த சிலிண்டரு. 85ல வந்த சிடி100க்கு போரு, அதான் சிலிண்டர் விட்டம், 50 மில்லி, ஸ்ட்ரோக்கு, அதான் பிஸ்டன் போயி வர்ற தூரம், 49.5. உன் ஏடிசிக்கு போரு 52, ஸ்ட்ரோக்கு அதே 49.5. அது 97 சிசி, இது 105. ரெண்டு மில்லி வித்தியாசத்துக்கு ஏன் உசுர விடணும்?

கெழட்டு_மெக்கானிக்:

வெறியன் சொன்ன கணக்கு சரி, புத்தி சரியில்ல. தாத்தா வண்டியில சிடி100 எஞ்சினப் போட்டா அப்புறம் அது தாத்தா வண்டி இல்ல. அது கெடக்கட்டும், வேலை விசயத்துக்கே வருவோம். ஏடிசில கையில க்ளட்ச் கெடையாது, கியர் லீவர அழுத்துறப்பவே க்ளட்ச் தானா விடுபட்டுக்கும், நம்ம ஊரு எம்80 ஓட்டுன கைக்கு இது புடிபடாது ஆனா மேட்டுல மூட்டையோட ஏறுறதுக்கு அதுதான் சொகம். தம்பி, உன் வண்டியில கியர் லீவர் போக ஹை, லோன்னு இன்னொரு லீவர் இருக்கான்னு பாரு. இருந்துச்சுன்னா அத சிடி100ல எங்கிட்டுப் போயித் தேடுவ? செயின் லைனும் ஒத்து வராது. பேசாம இருக்குற எஞ்சினையே சரி பண்ணு.

இப்ப இறுகுனதுக்கு வா. எல்லாரும் என்ன சொல்லுவான், பிளக்கக் கழட்டு, ஓட்டை வழியா டீசல ஊத்து, ஒரு வாரம் விடுன்னுவான். நிமிந்து நிக்கிற எஞ்சினுக்கு அது சரி. உன்னோடது படுத்த சிலிண்டர். ஊத்துனது முழுக்க கீழ் பக்கம் தேங்கும், மேல் பக்கம் பிஸ்டனச் சுத்தி உள்ள ரிங்கு இறுகுன எடம் காஞ்சே கெடக்கும், பிளக் ஓட்டைக்கு மேல ஊத்துனா வெளிய ஒழுகிரும். பாதிப்பேரு தோத்துப் போறது இங்கதான். ஒரு மாசம் ஊற வெச்சேன் அசையலன்னு வந்து நிப்பான், பாத்தா பாதி பிஸ்டனு நனையவே இல்ல.

அதனால வண்டியத் தூக்கி நிறுத்து. பெட்ரோல் டேங்க்க காலி பண்ணு, கார்பரேட்டர்ல கெடக்குறதையும் எறக்கு, எஞ்சின் ஆயில சுத்தமா வடி. முன் சக்கரத்தப் புடிச்சு ரெண்டு பேரா தூக்கி, பின்னாடி இருக்குற கம்பி மேல குதிரை மாதிரி வண்டி நிக்கணும். சாயாம இருக்க மரத்துல ஒரு கயிறு போட்டுக் கட்டிரு. இப்ப சிலிண்டர் செங்குத்தா நிக்கும், ஹெட்டு வானத்தப் பாக்கும். கியர் ஆயில் கடையில ஏடிஎஃப்னு செவப்பா ஒரு ஆயில் குடுப்பான், பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்துறது, அதுல பாதி, அசிட்டோன் பாதி கலந்து பிளக் ஓட்டை வழியா ஊத்து. பீடி சிகரெட்டு பக்கத்துல கூடாது, அசிட்டோன் குப்புனு புடிச்சிரும், கொட்டத்துல வைக்கோல் வேற இருக்குங்கிற, வெளிய வெச்சுத்தான் செய்யணும். காலையில வந்து பாத்தா மட்டம் எறங்கி இருக்கும், எறங்கட்டும், ரிங்கு வழியாப் போகுதுன்னு அர்த்தம். திரும்ப ஊத்து. ஒரே ராத்திரியில மொத்தமும் காணாமப் போனா வால்வு ஏதோ தெறந்து நிக்கிது, சைலன்சருக்குள்ள போயிருக்கும்.

ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு கயிறு இருக்குற பக்கக் கவரக் கழட்டி ஃப்ளைவீல் நட்டுல ஸ்பானரப் போட்டு பைய அசை. பைய. முன்னும் பின்னும். பைப்பு சொருகி ஆள் ஏறித் தொங்காத. மயிரிழை அசைஞ்சாப் போதும், மறுபடி ஊத்து, மறுநாள் அசை. அப்பவும் முடியலன்னா ஹெட்டக் கழட்டிட்டு பிஸ்டன் தலை சைசுக்கு வேப்பங்கட்டை ஒண்ணு செதுக்கி அத வெச்சு மரச் சுத்தியல்ல தட்டு. இரும்பால அடிச்சா அலுமினியப் பிஸ்டன் ஓட்டை விழுந்துரும், அடிச்ச வேகம் பிஸ்டனையும் கிராங்க்கையும் சேக்குற கன்ராடு வழியா கிராங்க் பேரிங்குல போயி உக்காரும். உன் மெக்கானிக்கிட்டருந்து தப்பிச்சு வந்தியே, அது உன் தாத்தா புண்ணியம்.

அந்த ஸ்க்ரூ கதை தனி. ஜப்பான்காரன் போட்டுருக்குற ஸ்க்ரூ தலை நம்ம ஸ்டார் மாதிரியே இருக்கும், ஆனா அது ஜிஸ்னு வேற அளவு. நம்ம டிரைவர் முழுசா உள்ள எறங்காது, திருப்புனா ஏறி வந்து தலையத் தின்னுரும். இம்பாக்ட் டிரைவர் வெச்சு சுத்தியல்ல ஒரு தட்டு, டக்குனு விட்டுரும். கிண்ணமாப் போனதுக்கு ஸ்க்ரூ ஓரத்துல சின்ன உளி வெச்சு இடப்பக்கமாத் தட்டு. திரும்ப மாட்டுறப்ப ஆலன் போல்ட்டு போட்டுக்க.

தேனி_மலைரோடு:

பழசு பேசுறதுன்னா எனக்கு அல்வா. இந்த ஏடிசி வரிசைக்கு ஆரம்பம் 1970ல வந்த யுஎஸ்90. அமெரிக்காவுல பனிக்காலத்துல பைக் யாவாரம் படுத்துரும், அதுக்கு என்னத்தையாவது வித்தாகணும்னு ஹோண்டா இன்ஜினியர் யோசிச்சதுல பொறந்த வண்டி. ஸ்பிரிங்கு ஷாக்குன்னு எதுவும் கெடையாது, டயர்ல இருக்குற காத்துதான் ஷாக். 79ல அது 110 ஆச்சு. 88ல அமெரிக்காவுல மூணு சக்கரம் புதுசா விக்கிறதையே நிறுத்திட்டாங்க, அம்புட்டு விபத்து. பின் ஆக்சில் ஒரே கம்பி, ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தும், அதனால ஹேண்டில மட்டும் ஒடிச்சாத் திரும்பாது, ஒடம்பச் சாய்ச்சுத் தூக்கிக் குடுக்கணும். பழக்கமில்லாதவன் பைக்குன்னு நெனச்சு கால ஊனுவான், பின் சக்கரம் அவன் கால் மேலயே ஏறிரும். தம்பி எஞ்சின் ஓடுனதும் மொத நாள் சின்னப் பயலுகள ஏத்தாத. ரோட்டுக்கும் கொண்டு வராத, இது தோட்டத்து வண்டி, ஆர்சி புக்குங்கிற பேச்சே இல்ல.

அலங்காநல்லூர்_பய:

கெழட்டண்ணே உங்க கால எங்க இருந்தாலும் தொட்டுக் கும்புடுறேன். ஹை, லோ லீவர் இருக்குண்ணே, துருப்புடிச்சு சேத்துல மறைஞ்சு கெடந்துச்சு.

வண்டியப் புளியமரத்துல கட்டி நிறுத்துனேன். எங்க அப்பத்தா வந்து பாத்துட்டு என்னடா இது, அய்யனாரு கோயில் குதிரையா, பொங்க வைக்கணுமான்னு கேட்டுட்டுப் போச்சு. ஏழு நாள் ஊத்துனேன். எட்டாம் நாள் காலையில ஸ்பானரப் போட்டு அசைச்சா கிர்ருனு ஒரு சத்தம், மணல் அரையிற மாதிரி, ஒரு நூல் அசைஞ்சுச்சு. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. அதுலருந்து மூணாவது நாள் முழுசா ஒரு சுத்து சுத்திருச்சு, கட்டையே தேவைப்படல.

அப்புறம் எஞ்சின எறக்கிக் கட்டில் மேல வெச்சுப் பிரிச்சேன். பாத்தது எல்லாம் எழுதுறேன். கார்பரேட்டர் வாயில குளவி கூடு கட்டியிருக்கு, களிமண்ணு, வரிசையா ஆறு அறை, உள்ள காஞ்ச புழு. சிலிண்டர்ல ரிங்கு நின்ன எடத்துல வட்டமா ஒரு துருக்கோடு, நகத்த வெச்சு இழுத்தா மாட்டுது. வால்வத் தெறக்குற கேமச் சுத்துற செயின் பக்கத்துல ஒரு ரப்பர் உருளை இருக்கு, அது காஞ்ச பெருங்காயக் கட்டி மாதிரி விரல்ல அமுக்குனா பொலபொலன்னு உதுருது. வலப்பக்கம் க்ளட்ச் மேல ஒரு மூடி மாதிரி இருந்துச்சு, தெறந்தா உள்ள கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியா அப்பிக் கெடக்கு, கரண்டியால வழிச்சு எடுத்தேன். இது என்னண்ணே?

கன்ராடு மேல கீழ ஆட்டிப் பாத்தேன், ஆட்டம் இல்ல. பக்கவாட்டுல கொஞ்சம் நகருது.

கெழட்டு_மெக்கானிக்:

பக்கவாட்டுல கொஞ்சம் நகரணும், மேல கீழதான் ஆடக் கூடாது. தப்பிச்ச. கிராங்க்க பிரிக்காத, மண்ணெண்ணெய்ல நல்லாக் கழுவி, காத்தடிச்சு, ஆயில விட்டு சுத்திப் பாரு, பேரிங்கு கரகரன்னா மட்டும் மாத்து. பேரிங் பக்கத்துலயே நம்பர் பொறிச்சிருக்கும், பேரிங் கடையில அந்த நம்பரச் சொன்னாப் போதும், வண்டி பேரே சொல்ல வேண்டாம், சொன்னா அவன் குழம்பிருவான். ஆயில் சீலும் அப்புடித்தான்.

அந்தக் கருப்பட்டிப் பாகுதான் உன் எஞ்சினோட ஆயில் ஃபில்டர். காகித ஃபில்டர் இதுல கெடையாது. சுத்துற வேகத்துல கசடு ஓரத்துல போயி ஒட்டிக்கும், நல்ல ஆயில் நடுவால போகும், தயிர் கடையிற மாதிரிதான். கீழ ஒரு கம்பிவலையும் இருக்கும் பாரு, அதையும் கழுவு. அது நெறஞ்சு போனா ஆயில் மேல ஏறாது, கேமு காஞ்சு தேஞ்சிரும். உன் கேம் கூம்பு மேல வரி வரியாக் கோடு இருந்தா எழுது.

இன்னொண்ணு. ஹெட்டு நட்டு நாலுல ஒண்ணுக்கு மட்டும் செம்பு வாஷர் இருந்துருக்கும். அது எந்த எடத்துல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? அந்த ஸ்டட்டு வழியாத்தான் ஆயில் மேல போகுது, வாஷர எடம் மாத்திப் போட்டா அங்கருந்து ஒழுகிக்கிட்டே இருக்கும். கேஸ்கட்டுக்குப் பேஸ்ட்ட அள்ளி அப்பாத, புதுங்கி உள்ள போயி அந்த ஆயில் ஓட்டைய அடைக்கும், அதுல செத்த எஞ்சின் நான் நெறையப் பாத்துட்டேன்.

அலங்காநல்லூர்_பய:

எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுருக்கேண்ணே. செம்பு வாஷர் தெரியுது. கேம்ல கோடு இல்ல.

புதூர்_லேத்து:

நம்ம பொழப்பு போரிங்கு, அதனால ஒரு வார்த்தை. நகம் மாட்டுதுன்னா ஹோனிங்ல, அதான் கல்லு வெச்சு லேசாத் தேய்க்கிறதுல, போகாது, போர் பண்ணி சிலிண்டரப் பெருசாக்கியே ஆகணும். ஹோண்டா கணக்குல பிஸ்டன் ஓவர்சைசு 0.25, 0.50, 0.75, 1.00 மில்லின்னு ஏறும். ஆனா ஒண்ணு, பிஸ்டன் கையில வராம எவன்கிட்டயும் சிலிண்டரக் குடுக்காத. முக்கால்வாசிப் பேரு மொதல்ல போர் அடிச்சுட்டு அப்புறம் பிஸ்டன் தேடுறாங்க. பிஸ்டன வெச்சு அளந்துதான் போர் அடிக்கணும், பொட்டியில எழுதியிருக்குற அளவ நம்பக் கூடாது. மைக்ரோ மீட்டரப் பிஸ்டன் பாவாடையில, அதான் ரிங்குக்குக் கீழ உள்ள செவுருல, கன்ராடக் கோக்குற பின்னுக்குக் குறுக்கால, அடியிலருந்து கொஞ்சம் மேல வெச்சு அளக்கணும். அதுலருந்து 0.03, 0.04 மில்லி எடைவெளி விட்டு போர், கடைசிக் கொஞ்சத்த மட்டும் ஹோனிங்ல எடுத்தா பாய் பின்னுன மாதிரி குறுக்குக் கோடு விழும், ஆயில் அதுலதான் நிக்கும்.

சிடி100 பிஸ்டன் போடலாமான்னு நாலு பேரு கேப்பான். ஸ்ட்ரோக்கு ஒண்ணுதான், அதுக்காகப் பிஸ்டன் ஒண்ணாகிருமா? பின் விட்டம், பின்னுலருந்து பிஸ்டன் தலை வரைக்கும் உள்ள ஒசரம், வால்வு பள்ளம், மூணும் வெர்னியர் வெச்சு ஒத்துப் போனாத்தான் பேச்சு. தலை ஒரு மில்லி ஒசந்தா வால்வுல போயி முட்டும். நான்னா ஏடிசி பிஸ்டனே வரவழைச்சுருவேன், வெளிநாட்டுல இன்னும் போடுறான்.

ரிங்கு மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணாக் காலி சிலிண்டர்ல விட்டு, பிஸ்டனத் தலைகீழாத் தள்ளி மட்டம் பண்ணி, முனைக்கு முனை எடைவெளிய ஃபீலர் கேஜ்ல, அதான் எடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடுல, பாரு. 0.15லருந்து 0.35 மில்லிக்குள்ள இருக்கணும். முட்டிக்கிட்டு இருந்தா சூட்டுல விரிஞ்சு மறுபடி இறுகிரும், ஏழு நாள் ஊத்துன ஏடிஎஃப்பு வீணாப் போகும்.

சிடி100_வெறியன்:

லேத்துக்காரரே நான் பிஸ்டன் போடச் சொல்லல, எஞ்சினத்தான் போடச் சொன்னேன். சரி விடுங்க, அம்புட்டுப் பேரும் ஒரு கட்சியா இருக்கீங்க. தம்பி உனக்கு ஃபீலர் கேஜு வேணும்னா எங்கிட்ட ரெண்டு இருக்கு, காளவாசல் வந்தா கூப்புடு, தர்றேன்.

அலங்காநல்லூர்_பய:

ஒன்றரை மாசம் ஆச்சு, பதில் போடாததுக்கு மன்னிக்கணும். அமெரிக்காவுல இருக்குற எங்க பெரியப்பா மகன் 0.50 ஓவர்சைசு பிஸ்டன், ரிங்கு, கேஸ்கட் செட்டு, அந்த ரப்பர் உருளை எல்லாம் ஒரு பொட்டலமா வாங்கி, லீவுக்கு வர்றப்பக் கொண்டு வந்தான். போரிங்க புதூர் சிட்கோ பக்கம் குடுத்தேன், பிஸ்டன கையில குடுத்தப்புறம்தான் அவரு மெஷின்ல சிலிண்டரயே ஏத்துனாரு, அப்பவே நல்ல எடம்னு தெரிஞ்சிருச்சு. வெறியன் அண்ணன்கிட்ட கேஜு வாங்குனேன், டீயும் வாங்கிக் குடுத்து அனுப்புனாரு.

டைமிங்குதான், அதான் பிஸ்டனுக்கு ஏத்த மாதிரி வால்வு தெறக்குற கணக்கு, ரெண்டு தடவை தப்பாப் போட்டேன். ஃப்ளைவீல்ல டி மார்க்கக் கேஸ்ல உள்ள கோட்டுக்கு வெச்சுட்டு, கேம் சக்கரத்துல உள்ள வட்ட மார்க்க ஹெட்டுல உள்ள வெட்டுக்கு நேரா வைக்கணும், நான் ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன் போல, கையால சுத்துறப்ப ஒரு எடத்துல கெட்டியா நின்னுச்சு. நல்ல வேளை அழுத்தல. கழட்டித் திரும்ப மாட்டுனேன். டாப்பெட்டு ரெண்டுக்கும், அதான் வால்வத் தள்ளுற எடத்துல, 0.05 மில்லி எடைவெளி வெச்சேன். பிளக் இல்லாம கயிற இழுத்துக்கிட்டே இருந்தேன், முப்பது நாப்பது தடவை இருக்கும், டாப்பெட்டு மூடி வழியா ஆயில் மினுமினுன்னு வர்றதக் கண்ணால பாத்தப்புறம்தான் பிளக்கு போட்டேன்.

நேத்து ஞாயித்துக்கெழமை. பதினோராவது இழுப்புல டப்புனு ஒரு சத்தம், கோழி எல்லாம் கூரை மேல. பதினாலாவது இழுப்புல புடிச்சிக்கிச்சு. வெள்ளைப் புகை, சைலன்சருக்குள்ள தேங்குன ஏடிஎஃப்பு எரியிற நாத்தம், அப்புறம் புகை கொறைஞ்சு டுப்டுப்டுப்புனு நின்னு ஓடுச்சு. எங்க அப்பா தெருவுல நின்னு பேசிக்கிட்டு இருந்தவரு ஓடி வந்தாரு, ஒண்ணும் பேசல, கைய சைலன்சர் பின்னாடி காத்துல காட்டிக்கிட்டு நின்னாரு. எடைக்குப் போடச் சொன்ன மனுசன், இப்ப டயர எப்ப மாத்துவன்னு கேக்குறாரு.

ரெண்டு சந்தேகம் மிச்சம். கியர் போடுறப்ப வண்டி படக்குனு முன்னாடி குதிக்கிது, ஐடில்லயே கொஞ்சம் இழுக்குது. இன்னொண்ணு டயர்ல எம்புட்டுக் காத்து அடிக்கணும், பெட்ரோல் பங்க்குல கேட்டா 25 வைக்கவான்னு கேக்குறான்.

கெழட்டு_மெக்கானிக்:

அடிச்சுத் தூக்குன போ. மொதல்ல இத்தன நேரம் ஓடுன ஆயில நாளைக்கே வடிச்சுட்டுப் புதுசு ஊத்து, வடிச்சதுல வெள்ளித்தூள் மாதிரி தெரியும், பயப்படாத, புது ரிங்கு உக்காருற தூளு. நின்ன எடத்துலயே ரொம்ப நேரம் ஓட விடாத, காத்துல ஆறுற எஞ்சின், ஓடுனாத்தான் ஆறும்.

இழுக்குறதுக்கு மொதல்ல ஐடில் கூட இருக்கான்னு பாரு, கூட இருந்தா க்ளட்ச் அதுவாப் புடிக்கத்தான் செய்யும். அது சரியா இருந்தா வலப்பக்கக் கவர்ல ஒரு நட்டும் அதுக்கு நடுவுல ஸ்க்ரூவும் இருக்கும். நட்ட லூசு பண்ணிட்டு, ஸ்க்ரூவ லேசாத் தட்டுப்படுற எடம் வரைக்கும் கொண்டு வந்து, அங்கருந்து 1/8 சுத்து திரும்ப விட்டு, ஸ்க்ரூ நகராமப் புடிச்சுக்கிட்டு நட்ட இறுக்கு. அம்புட்டுத்தான் க்ளட்ச் செட்டிங்கு.

தேனி_மலைரோடு:

அய்யோ பங்க்குப் பக்கமே போகாத! இந்த டயருக்கு 2 பிஎஸ்ஐ சொச்சம்தான். 25 வெச்சா ஒண்ணு டயர் வெடிக்கும், இல்லன்னா வண்டி பந்து மாதிரி துள்ளி உன்னத் தூக்கி வாழைத்தோப்புல போடும். பங்க்குல உள்ள கேஜுல 2ங்கிற கோடே தெரியாது. சைக்கிள் பம்பு வெச்சு அடி, சின்ன அளவுக்குன்னு தனியா கேஜு விக்கிறான், வாங்கிக்க. பின்னாடி ரெண்டுலயும் ஒரே அளவு இருக்கணும், ஒண்ணு கொறைஞ்சா வண்டி ஒரு பக்கமாவே இழுத்துக்கிட்டுப் போகும். டயர் பக்கச் செவுரு வெடிச்சிருக்கான்னு போட்டோ போடு, இருபது வருசம் கோழி எச்சத்துல கெடந்த ரப்பர், ட்யூப் போட்டுச் சமாளிக்கலாமான்னு பாத்துச் சொல்றேன்.

அலங்காநல்லூர்_பய:

முன் டயர் தேவலண்ணே. பின்னாடி ரெண்டும் விரல் போற அளவு வெடிச்சுக் கெடக்கு. 22x11-8ன்னு எழுதியிருக்கு. சாயங்காலம் வெளிச்சம் இருக்குறப்ப போட்டோ எடுத்துப் போடுறேன், அப்பா வேற அதுக்குள்ள சைக்கிள் பம்பத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு.